இறுகிய போல்ட்: காரணம் அறிந்து சீர்செய்யும் முறை

போல்ட் ஆக்‌ஷன் ரைபிள்களில் போல்ட் இறுகிப்போவதற்கான காரணங்களையும், அவற்றை ஒன்றன்பின் ஒன்றாகச் சோதித்துக் கண்டறியும் முறையையும், சீர்செய்த பின் மீண்டும் இறுகாமல் பேணும் வழக்கங்களையும் இன்றைய ஆலோசனை உரை விளக்குகிறது. போல்ட் என்பது ரைபிளின் பின்பகுதியில் கைப்பிடியோடு அமைந்த உருளை வடிவ எஃகுத் தண்டாகும். அது தோட்டாவை மேகசினிலிருந்து முன்தள்ளி, குழலின் பின்முனையில் குடைந்துள்ள தோட்டா அறைக்குள் சேர்த்து, வெடிக்கும் நேரத்தில் அந்த அறையைப் பூட்டி நின்று, சுட்டு முடிந்ததும் வெற்றுக் கூட்டை வெளியே இழுத்துப் போடுகிறது. இத்தனை வேலைகளையும் ஒரே தண்டு செய்வதால், அது இறுகும்போது குறை எந்த வேலையில் நேர்ந்தது என்பதைப் பிரித்தறிவதே சீர்செய்தலின் முதல் பாதியாகிறது.

இக்குறைக்கு மிகவும் பேர்பெற்ற ரைபிள், ரஷ்யப் பேரரசு 1891ஆம் ஆண்டில் ஏற்றுக்கொண்டதும், 1930ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின் எம் 91/30 என்று அழைக்கப்படுவதுமான மோசின்–நகான் ஆகும். துலா, இஷெவ்ஸ்க் நகரங்களின் ஆயுதத் தொழிற்சாலைகளில் பெருந்தொகையாகத் தயாரான இந்த ரைபிள்கள், இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் சோவியத் படைக்கலக் கிடங்குகளில் பழுதுபார்க்கப்பட்டு, துருப்பிடிக்காதிருக்கக் கெட்டியான பாதுகாப்புக் கிரீஸ் பூசப்பட்டுப் பல பத்தாண்டுகள் அடுக்கி வைக்கப்பட்டன. சோவியத் ஒன்றியம் கலைந்தபின் அவற்றுள் பெரும் எண்ணிக்கையானவை அமெரிக்கா, கனடா முதலிய நாடுகளின் சந்தைக்குக் குறைந்த விலையில் வந்தபோது, போல்ட்டைத் தூக்க உள்ளங்கையால் ஓங்கி அடிக்க வேண்டியிருக்கிறது என்ற குறை புதிய உரிமையாளர்களிடையே பொதுவாக எழுந்தது. இந்த ரைபிளை முதன்மை எடுத்துக்காட்டாகக் கொண்டு சொல்லப்படும் முறைகள், சிறு மாற்றங்களோடு மவுசர், லீ–என்ஃபீல்டு போன்ற பிற ரைபிள்களுக்கும் பொருந்துவன.

தொடக்கத்திலேயே வலியுறுத்த வேண்டிய செய்தி ஒன்று உண்டு. இறுக்கம் என்பது நோயின் அறிகுறியே அன்றி நோயன்று. வெறும் அழுக்காலும் போல்ட் இறுகலாம். அளவுக்கு மீறிய வெடியழுத்தத்தாலும் இறுகலாம். முன்னது ஒரு மாலை நேரத் துப்புரவில் தீர்ந்துபோகும். பின்னதோ அடுத்த குண்டிலேயே சுடுபவரின் முகத்தையும் கண்களையும் காயப்படுத்தக்கூடும். இரண்டும் கைக்கு ஏறக்குறைய ஒரே மாதிரித்தான் தெரியும் என்பதால், காரணம் தெரியும்வரை மரச்சுத்தியலையும் அரத்தையும் கையில் எடுக்காதிருப்பது இத்துறையின் அடிப்படை ஒழுக்கமாகும்.

எந்தச் சோதனைக்கும் முன்பு பாதுகாப்பு உறுதி செய்யப்பட வேண்டும். குழலைப் பாதுகாப்பான திசையில் வைத்து, மேகசினைக் காலிசெய்து, போல்ட்டை முழுவதும் பின்னிழுத்து, தோட்டா அறை காலியாக இருப்பதைக் கண்ணால் பார்த்தும் விரல் நுழைத்துத் தொட்டும் உறுதிசெய்ய வேண்டும். உயிருள்ள தோட்டாக்கள் அனைத்தும் வேலை நடக்கும் அறையை விட்டே அகற்றப்பட வேண்டும். ஸ்பிரிங் தெறிக்கக்கூடிய உறுப்புகளைக் கழற்றும்போதும், கரைப்பான் திரவங்களைக் கையாளும்போதும் கண்ணாடி அணிவது கட்டாயம்.

முதல் சோதனை தோட்டா எதுவுமின்றிச் செய்யப்படுவது. போல்ட்டின் இயக்கத்தை நான்கு கட்டங்களாகப் பிரிக்கலாம்: கைப்பிடியை மேலே தூக்குதல், போல்ட்டைப் பின்னிழுத்தல், முன்தள்ளுதல், கைப்பிடியைக் கீழிறக்கிப் பூட்டுதல். காலியான ரைபிளில் இந்த நான்கையும் மெதுவாக, விரல்களுக்கு வரும் தடையைக் கவனித்தபடி பலமுறை செய்து பார்த்து, எந்தக் கட்டத்தில் எந்த இடத்தில் தடை வருகிறது என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். காலியாக இருக்கும்போதே இறுகினால் குறை போல்ட்டிலோ, அது ஓடும் ரிசீவர் எனப்படும் எஃகுக் கூட்டிலோ, மரச்சட்டத்திலோ இருக்கிறது. காலியாக இருக்கும்போது எளிதாக ஓடி, சுட்டபின் மட்டும் இறுகினால் தோட்டா அறையையோ தோட்டாவையோதான் ஐயுற வேண்டும். இந்த ஒரு வேறுபாட்டைத் தெளிவாக அறிந்துகொண்டாலே தேட வேண்டிய இடம் பாதியாகக் குறைந்துவிடும்.

கைப்பிடியைத் தூக்கும் கட்டத்தில் இன்னொரு நுட்பத்தையும் அறிந்திருக்க வேண்டும். மோசின்–நகானிலும் 1898ஆம் ஆண்டு மவுசரிலும் கைப்பிடியைத் தூக்கும்போதே, தோட்டாவின் அடியைத் தாக்கும் ஃபயரிங் பின் எனப்படும் ஊசியின் ஸ்பிரிங் அழுத்தப்படுகிறது. லீ–என்ஃபீல்டிலோ அந்த வேலையின் பெரும்பகுதி போல்ட்டை முன்தள்ளி மூடும்போது நடக்கிறது. ஆகவே மோசினைத் தூக்கும்போதும் லீ–என்ஃபீல்டை மூடும்போதும் உணரப்படும் எதிர்ப்பில் ஒரு பங்கு இயல்பானதே. மோசினின் கைப்பிடி குட்டையாக இருப்பதால் நெம்புகோல் பலன் குறைந்து, அந்த இயல்பான எதிர்ப்பும் கைக்குக் கடுமையாகத் தெரிகிறது. ஸ்பிரிங்கின் எதிர்ப்பையும் உராய்வையும் பிரித்தறிய எளிய வழி ஒன்று உண்டு. காலியான ரைபிளில் போல்ட்டைத் திறந்து மூடி, விசையை இழுக்காமலேயே கைப்பிடியை மீண்டும் தூக்க வேண்டும். ஸ்பிரிங் முன்பே அழுத்தப்பட்டிருப்பதால் இம்முறை கைப்பிடி இலேசாக எழ வேண்டும். அப்போதும் அது அடம்பிடித்தால் குறை உராய்வில் இருக்கிறது. இம்முறை இலேசாகவும், விசையை விடுவித்தபின் மட்டும் கடினமாகவும் எழுந்தால், ஸ்பிரிங்கையும் அதை அழுத்தும் சாய்தளத்தையும் கவனிக்க வேண்டும்.

சாய்தளம் என்பது போல்ட்டின் பின்முனையில் சரிவாக வெட்டப்பட்ட பரப்பாகும். ஃபயரிங் பின்னின் பின்முனையில் திருகப்பட்ட காக்கிங் பீஸ் என்னும் குமிழின் முனை, கைப்பிடி எழும்போது இந்தச் சரிவில் ஏறி ஊசியைப் பின்னுக்குத் தள்ளுகிறது. 1942, 1943ஆம் ஆண்டுகளில் போரின் அவசரத்தில் தயாரான ரைபிள்களில் கடைசல் கருவியின் கீறல்கள் மெருகேற்றப்படாமல் விடப்பட்டிருப்பதைக் காணலாம். அத்தகைய கீறல் இந்தச் சரிவில் இருந்தால் ஒவ்வொரு முறையும் உலோகம் உலோகத்தைச் சுரண்டிக்கொண்டே ஏறும். எனினும் சொரசொரப்பைக் குறைசொல்வதற்கு முன்பு அழுக்கை நீக்கிப் பார்ப்பதே முறை. ஏனெனில் பல நேரங்களில் போல்ட்டின் உட்குழிவில் காய்ந்து கெட்டிப்பட்ட கிரீஸே இறுக்கத்தின் முழுக் காரணமாக இருக்கும்.

மோசினின் போல்ட்டைக் கழற்றத் தனிக்கருவி தேவையில்லை. போல்ட்டைப் பின்னிழுத்து, விசையை அழுத்தியபடி ரிசீவரிலிருந்து உருவி எடுத்தபின், காக்கிங் பீஸைப் பின்னிழுத்து இடப்புறமாகத் திருப்பி விட்டால் ஸ்பிரிங் தளர்ந்து, போல்ட்டின் தலையும் இணைப்புச் சட்டமும் முன்பக்கமாகக் கழன்று வரும். பின்னர் ஃபயரிங் பின்னின் முனையை ஒரு மரக்கட்டையின் மீது ஊன்றி, போல்ட் உடலைக் கீழே அழுத்திப் பிடித்துக்கொண்டு காக்கிங் பீஸைத் திருகிக் கழற்றினால் ஸ்பிரிங்கும் ஊசியும் வெளியே வரும். உறுப்புகள் அனைத்தையும் மினரல் டர்பன்டைன் போன்ற கரைப்பானில் ஊறவைத்து, நைலான் பிரஷால் தேய்த்து, போல்ட்டின் உட்குழிவைத் துணி சுற்றிய கம்பியால் துணி வெள்ளையாக வரும்வரை துடைத்து, நன்றாக உலர்த்த வேண்டும். கரைப்பான்கள் எளிதில் தீப்பற்றுவன என்பதால் இந்த வேலை அடுப்பிலிருந்து விலகி, காற்றோட்டமான இடத்தில் நடக்க வேண்டும்.

மீண்டும் பூட்டும்போது ஒரு சோதனையை விட்டுவிடக் கூடாது. ஃபயரிங் பின் போல்ட்டின் முகத்திலிருந்து எவ்வளவு வெளியே நீட்டுகிறது என்பதை, மோசினோடு வழங்கப்பட்ட திருப்புளியில் உள்ள 75, 95 என்ற எண்கள் பொறித்த வெட்டுகளால் அளக்கலாம். இவை அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கைக் குறிக்கும் எண்கள். ஊசியின் முனை 95 என்ற வெட்டைத் தொடாமலும், 75 என்ற வெட்டைத் தொட்டும் நின்றால் அளவு சரி. அதிகமாக நீட்டினால் தோட்டாவின் அடியில் உள்ள பிரைமர் என்னும் பற்றவைப்புக் குப்பி துளைபட்டுச் சூடான வாயு பின்னோக்கிப் பாயும். குறைவாக நீட்டினால் தோட்டா வெடிக்காமல் போகும்.

துப்புரவுக்குப் பின்னும் காலியான ரைபிளில் இறுக்கம் நீடித்தால், எங்கே உரசுகிறது என்பதைக் கண்ணுக்குக் காட்டும் வழி ஒன்று உண்டு. எண்ணெய்ப் பசை இல்லாமல் துடைத்த போல்ட்டின் உடல், அறையைப் பூட்டி நிற்கும் புடைப்புகளான பூட்டுக்காதுகள், சாய்தளம் ஆகிய பரப்புகள் மீது அழியாத மார்க்கர் பேனாவால் கறுப்பு மை பூசி, உலர்ந்தபின் ரிசீவரில் செருகி, சில முறை திறந்து மூடிவிட்டு வெளியே எடுத்துப் பார்த்தால், உரசும் இடங்களில் மை கழன்று எஃகு பளிச்சிடும். பரவலாக மெல்லிய தேய்வு தெரிந்தால் அது இயல்பான உராய்வு. ஒரே புள்ளியிலோ கூரான கோடாகவோ மை முழுவதும் சுரண்டப்பட்டிருந்தால் அங்கே பிசிறோ கீறலோ நிற்கிறது என்று பொருள். அத்தகைய பிசிறை நுண்ணிய எண்ணெய்க் கல்லாலோ, 600க்கும் மேற்பட்ட எண் கொண்ட உப்புத்தாளாலோ, எண்ணெய் விட்டு, இலேசாக, அடிக்கடி மை பூசிச் சோதித்தபடி நீக்கலாம்.

ஆனால் தொடக் கூடாத பரப்புகளும் உண்டு. வெடியின் உந்துவிசையைத் தாங்கி நிற்கும் பூட்டுக்காதுகளின் பின்முகங்கள், அவை சென்று அமரும் ரிசீவரின் உட்பரப்புகள், விசை இழுக்கப்படும்வரை ஊசியைப் பிடித்து நிறுத்தும் சியர் என்னும் உறுப்பின் விளிம்பு ஆகியவற்றை வீட்டில் தேய்க்கவே கூடாது. பழைய ரைபிள்கள் பலவற்றில் இப்பரப்புகளின் கடினம் வெப்பப் பதனிடலால் மேல்தோல் அளவிலேயே ஏற்றப்பட்டிருக்கும். அந்தத் தோல் தேய்ந்தால் அடியில் உள்ள மென்மையான எஃகு விரைவாக அமுங்கி, பூட்டின் அளவே மாறிவிடும். சியரின் விளிம்பு தேய்ந்தால் விரல் படாமலேயே ரைபிள் சுடக்கூடும். மெருகு ஏற்றுவதில் மகிழ்ச்சி காணும் கைகளுக்கு இந்தத் தடை கசப்பாக இருந்தாலும், அதை மீறித் தேய்க்கப்பட்ட ரைபிள் நம்பத்தக்கதல்ல.

திருகாணிகளும் மரச்சட்டமும் பலர் நினைத்துப் பார்க்காத காரணங்கள். தொலைநோக்கி பொருத்திய நாளிலிருந்து போல்ட் இறுகியிருந்தால், அதன் தளத்தைப் பிடிக்கும் திருகாணி அளவுக்கு மீறி நீண்டு ரிசீவரின் உள்ளே எட்டிப்பார்த்து, பூட்டுக்காதைத் தடுத்துக்கொண்டிருக்கக்கூடும். மரச்சட்டத்தைப் பிணைக்கும் முன்திருகாணி நீண்டுவிட்டாலும் சில ரைபிள்களில் அதே விளைவு ஏற்படும். திருகாணியைச் சற்றுத் தளர்த்தியதும் போல்ட் விடுபட்டால் ஐயம் தெளிந்துவிடும். சரியான நீளமுள்ள திருகாணியை இடுவதே அதற்குத் தீர்வு. மழைக்காலத்தில் ஊதிப்போன கதவு நிலையைப் பிடித்துக்கொள்வதுபோல, ஈரம் குடித்த மரச்சட்டமும் ரிசீவரை ஒருபக்கமாக அழுத்தி இலேசாக வளைக்கக்கூடும். ரைபிளைச் சட்டத்திலிருந்து கழற்றி, உலோகப் பகுதியை மட்டும் தனியே பிடித்துப் போல்ட்டை இயக்கிப் பார்த்தால் இதுவும் வெளிப்பட்டுவிடும்.

முன்தள்ளும் கட்டத்தில் மட்டும் தடை வந்தால் மேகசினைப் பார்க்க வேண்டும். மோசினின் 7.62×54ஆர் தோட்டாவும் லீ–என்ஃபீல்டின் .303 தோட்டாவும் அடியில் வெளிநீண்ட விளிம்பு உடையவை. மேலுள்ள தோட்டாவின் விளிம்பு கீழுள்ளதன் விளிம்புக்குப் பின்னால் சிக்கிக்கொண்டால் போல்ட் எவ்வளவு தள்ளினாலும் தோட்டா நகராது. இதைத் தடுக்க மோசினில் இடைத்தடுப்பான் என்ற உறுப்பு இடப்பக்கத்தில் அமைக்கப்பட்டிருப்பதால், அது அழுக்கடைந்தாலோ வளைந்தாலோ பழைய சிக்கல் திரும்பிவிடும். லீ–என்ஃபீல்டில் அத்தகைய உறுப்பு இல்லாததால், தோட்டாக்களை நிரப்பும்போதே ஒவ்வொன்றின் விளிம்பும் கீழுள்ளதற்கு முன்னால் இருக்கும்படி பார்த்துக்கொள்வதே வழி. இத்தகைய சோதனைகளை உயிருள்ள தோட்டாவால் செய்யக் கூடாது. அதற்கென விற்கப்படும், வெடிமருந்தும் பிரைமரும் இல்லாத டம்மி தோட்டாக்களைப் பயன்படுத்த வேண்டும்.

இனி, சுட்டபின் மட்டும் இறுகும் ரைபிளைக் காண்போம். 7.62×54ஆர் தோட்டாவின் உச்ச அழுத்தத்திற்கு ஐரோப்பிய வரையறை ஏறத்தாழ 3,900 பார், அதாவது வளிமண்டல அழுத்தத்தைப்போல் சுமார் 3,900 மடங்கு. அந்த அழுத்தத்தில் தோட்டாவின் கூடு பருத்து அறையின் சுவரோடு ஒட்டிக்கொண்டு வாயுவை அடைக்கிறது. அழுத்தம் தணிந்ததும் சற்றே சுருங்கிச் சுவரை விடுகிறது. கைப்பிடியைத் தூக்கும் இறுதிக் கட்டத்தில், போல்ட்டும் ரிசீவரும் சந்திக்கும் சரிவுகள் போல்ட்டைச் சிறிது பின்னுக்கு நெம்ப, எக்ஸ்டிராக்டர் என்னும் கொக்கி கூட்டின் விளிம்பைப் பிடித்து இழுக்கிறது. அறையின் சுவரில் பிசின்போன்ற படிவு இருந்தால், அல்லது துருவால் ஏற்பட்ட குழிகளும் கீறல்களும் இருந்தால், கூடு சுவரை விடாமல் பற்றிக்கொள்ளும். அந்தப் பற்றுதலே கையில் போல்ட்டின் இறுக்கமாக உணரப்படுகிறது.

கிடங்கிலிருந்து வந்த மோசினில் இந்தப் படிவு பெரும்பாலும் பழைய கிரீஸின் எச்சமாகும். குழலின் உள்ளே பளபளக்கத் துடைத்துவிட்டு, குழலைவிட அகலமான தோட்டா அறையை மறந்துவிடுவது பொதுவான தவறு. 7.62 மில்லிமீட்டர் குழலுக்கு ஏற்ற மெல்லிய பிரஷ், அடியில் 12 மில்லிமீட்டருக்கு மேல் அகன்ற அறையின் சுவரைத் தொடுவதே இல்லை. வெளிப்பார்வைக்குத் தூய்மையாகத் தெரியும் அறைக்குள் மிஞ்சிய கிரீஸ், சில குண்டுகள் சுட்டதும் சூடேறி இளகி, கூட்டைப் பிடிக்கும் பசையாகிறது. ரைபிள் குளிர்ந்திருக்கும்போது எளிதாகத் திறந்து, பத்துப் பதினைந்து குண்டுகளுக்குப் பின் இறுகத் தொடங்கினால், இக்காரணத்தையே முதலில் ஐயுற வேண்டும்.

அறையைத் துப்புரவு செய்ய 20 கேஜ் ஷாட்கன் குழலுக்கான வெண்கலப் பிரஷ் நன்றாகப் பொருந்தும். குழல் வாய் கீழ்நோக்கி இருக்கும்படி ரைபிளைச் சாய்த்து வைத்தால் கரைப்பான் விசைப்பகுதிக்கும் மரத்திற்கும் வடியாது. கரைப்பானில் நனைத்த துணியை அறைக்குள் திணித்து கால்மணி நேரம் ஊறவிட்டு, பிறகு குட்டையான கம்பியில் மாட்டிய பிரஷை நுழைத்து, முன்பின்னாக இழுக்காமல் ஒரே திசையில் சுழற்றித் தேய்க்க வேண்டும். முதலில் வரும் துணியில் தேன் நிறத்திலோ காப்பி நிறத்திலோ பிசுபிசுப்பு ஒட்டியிருக்கும். அது வந்துகொண்டிருக்கும்வரை வேலை முடியவில்லை என்று கொண்டு, ஊறவிடுதலையும் தேய்த்தலையும் துணி கறையின்றி வரும்வரை திரும்பச் செய்ய வேண்டும். கடைசியில் சிறு கைவிளக்கை உள்ளே காட்டிப் பார்த்தால், சுவர் ஒரே சீராக மின்ன வேண்டும். தோட்டாவின் தோள் வந்து அமரும் இடத்தில் கருமையான வளையம் தெரிந்தால் அங்கே இன்னும் படிவு இருக்கிறது. உப்புத்தாளால் அறையைத் தேய்ப்பவர்கள் அறையை அகலமாக்குவதோடு, கூட்டைப் பிடித்துக்கொள்ளும் புதிய கீறல்களையும் போட்டுவிடுகிறார்கள்.

அறை தூய்மையான பின்னும் இறுக்கம் இருந்தால் தோட்டாவைப் பார்க்க வேண்டும். பித்தளைக் கூடு அழுத்தம் தணிந்ததும் எஃகுக் கூட்டைவிட நன்றாகச் சுருங்கி மீள்வதால், பித்தளைத் தோட்டாவில் எளிதாகத் திறக்கும் ரைபிள் எஃகுத் தோட்டாவில் சற்று இறுகுவது உண்டு. இருவகையையும் ஒப்பிட்டுச் சுட்டுப் பார்ப்பது பயனுள்ள சோதனை. சுட்ட கூட்டின் பக்கங்களில் நீளவாக்கில் கீறல்கள் இருந்தால் அவை அறையின் கீறல்களைக் காட்டிக்கொடுக்கின்றன. இவ்வகைக் குறைகள் தொல்லை தருவனவே தவிர உடனடி ஆபத்து தருவன அல்ல.

ஆபத்தின் அடையாளங்கள் வேறு. திடீரென்று இறுகிய போல்ட்டோடு, சுட்ட கூட்டின் பிரைமர் தட்டையாகி விளிம்புவரை பரவியிருத்தல், பிரைமரைச் சுற்றிப் புகைக்கரி, பிரைமர் துளைபடுதல், கூட்டின் அடியில் பளபளப்பான அழுத்தத் தடம் ஆகியவற்றில் ஏதேனும் தெரிந்தால் அது மிகையழுத்தத்தின் அறிகுறி. அன்றைய சுடுதல் அங்கேயே நிற்க வேண்டும். கைத்தயாரிப்புத் தோட்டாக்களில் மருந்து கூடிவிடுதல், வெட்டிச் சீராக்கப்படாத நீண்ட கூட்டின் வாய் அறையின் முன்முனையில் இடுக்கப்பட்டுக் குண்டை விடாமல் பிடித்துக்கொள்ளுதல், குழலில் அடைப்பு, வெயிலில் கிடந்து சூடேறிய தோட்டா ஆகியவை இதன் பொதுக் காரணங்கள். சுடாத தோட்டாவோடு மூடும்போதே இறுகினால், மறுபயன்பாட்டுக் கூடுகள் முழு அளவுக்குச் சுருக்கப்படவில்லை என்றோ, ஹெட்ஸ்பேஸ் குறைவு என்றோ கருதலாம்.

ஹெட்ஸ்பேஸ் என்பது, பூட்டிய போல்ட்டின் முகத்திற்கும், அறைக்குள் தோட்டா மேலும் முன்செல்லாமல் நிறுத்தும் பரப்புக்கும் இடைப்பட்ட தொலைவு. விளிம்புள்ள தோட்டாக்களில் விளிம்பின் தடிப்பே இதை முடிவுசெய்கிறது. இதற்கென உள்ள அளவுகோல்களுள் கோ என்பதன் மேல் போல்ட் மூட வேண்டும்; நோ-கோ என்பதன் மேல் மூடக் கூடாது. ஒவ்வொரு போல்ட்டும் தன் ரிசீவருக்கென்று சோதித்துப் பொருத்தப்பட்டது என்பதால்தான் இரண்டிலும் ஒரே எண் பொறிக்கப்பட்டது. இறுகிய போல்ட்டுக்குப் பதிலாக வேறொரு ரைபிளின் போல்ட்டை மாட்டிப் பார்ப்பது, அளவுகோலால் சோதிக்காதவரை, ஒரு தொல்லையைக் கொடுத்து ஓர் ஆபத்தை வாங்குவதாகும். லீ–என்ஃபீல்டின் நான்காம் எண் ரைபிளில் 0 முதல் 3 வரை எண்ணிட்ட, நீளத்தில் சிறிதே வேறுபடும் போல்ட் தலைகள் தனியே தயாரிக்கப்பட்டதும் இந்த அளவைச் சரியாக வைத்திருப்பதற்காகவே.

காரணத்தைப் பிரித்தறியாமல் விட்டதன் விலையை முதல் உலகப் போர் காட்டியது. கனடியப் படையினர் பயன்படுத்திய ராஸ் ரைபிள், கைப்பிடியைத் தூக்காமல் நேராகப் பின்னிழுத்துத் திறக்கும் போல்ட் உடையது. 1915ஆம் ஆண்டு வசந்தத்தில் பெல்ஜியத்தின் ஈப்ர் நகருக்கு அருகே நடந்த போரில், வேகமாகச் சுட்ட ராஸ் ரைபிள்களின் போல்ட்டுகள் இறுகி, வீரர்கள் அவற்றைக் காலணியால் உதைத்தும் மண்வெட்டிப் பிடியால் அடித்தும் திறக்க நேர்ந்தது. சேற்றின் மீது மட்டும் பழியைப் போட முடியவில்லை. இறுக்கமாக வெட்டப்பட்ட அறைக்கு அளவில் தளர்ந்த பிரித்தானியத் தோட்டாக்கள் ஒத்துவரவில்லை. போல்ட்டைப் பின்னே நிறுத்தும் தடுப்பான் பூட்டுக்காதின் விளிம்பின் மீதே மோதி அதை நசுக்கியது. நசுங்கிய விளிம்பு மேலும் இறுகியது. அடித்துத் திறந்த ஒவ்வோர் அடியும் போல்ட்டைத் தடுப்பானோடு இன்னும் கடுமையாக மோதவைத்தது. 1916ஆம் ஆண்டுக்குள் ராஸ் ரைபிளின் இடத்தை லீ–என்ஃபீல்டு பிடித்துக்கொண்டது. அறை, தோட்டா, போல்ட் என்ற மூன்றிலும் சிறுசிறு குறைகள் ஒன்றுசேர்ந்தபோது அவற்றுள் எதையும் தனியே குறைசொல்ல முடியாமற்போனதே அந்த நிகழ்வின் பாடம்.

சுடுதளத்தில் போல்ட் இறுகிக்கொண்டால் செய்ய வேண்டியதும் தெளிவாக இருக்கட்டும். விசையை இழுத்தும் வெடிக்காத தோட்டா உள்ளே இருந்தால், குழலை இலக்கின் திசையிலேயே வைத்து ஒரு நிமிடமாவது காத்திருக்க வேண்டும். தாமதித்து வெடிக்கும் தோட்டாக்கள் உண்டு. பிறகும் போல்ட் திறக்காவிட்டால், சுடுதள அலுவலரை அழைத்து, துப்பாக்கிகளைப் பழுதுபார்க்கும் அனுபவமுள்ள ஆர்மரரிடம் ஒப்படைக்க வேண்டும். உயிருள்ள தோட்டா இருக்கும் ரைபிளில் முன்பக்கத்திலிருந்து கம்பியை விட்டுத் தட்டுவது உயிருக்கே உலை வைக்கும் செயல். உள்ளே இருப்பது சுட்ட வெற்றுக் கூடுதான் என்பது உறுதியானால் மட்டும், ரைபிள் முழுவதும் ஆறியபின், கைப்பிடியின் அடிப்பகுதியை ரப்பர் சுத்தியலால் இலேசாகத் தட்டிப் பார்க்கலாம். அதன்பின் காரணம் தெரியும்வரை அந்த ரைபிளைச் சுடக் கூடாது.

பேணுதலில் எண்ணெயின் அளவும் இடமும் முதன்மையானவை. பூட்டுக்காதுகளின் பின்முகத்திலும் சாய்தளத்திலும் மெல்லிய கிரீஸ், போல்ட்டின் உடலில் கைக்குத் தெரியாத அளவு எண்ணெய், அவ்வளவே போதும். தோட்டா அறை சுடுவதற்கு முன் உலர்ந்திருக்க வேண்டும். அங்கே எண்ணெய் இருந்தால் கூடு சுவரைப் பற்றாமல் வழுக்கி, வெடியின் உந்துவிசை முழுவதையும் போல்ட்டின் மேல் சுமத்தும். மழையில் நனைந்த தோட்டாவும் அவ்வாறே செய்யும். போல்ட்டின் உட்குழிவில் கெட்டியான கிரீஸை நிரப்புவது குளிர்நாடுகளில் இருமடங்கு தவறு. உறைபனியில் அது இறுகி ஊசியின் வேகத்தைக் குறைத்துத் தோட்டா வெடிக்காமல் செய்துவிடும்.

பழைய சோவியத் தோட்டாக்களைப் பயன்படுத்துவோர் மேலும் ஒரு கடமையை ஏற்கிறார்கள். அவற்றின் பிரைமரில் உள்ள பொட்டாசியம் குளோரேட், எரிந்தபின் பொட்டாசியம் குளோரைடு என்னும் உப்பாகக் குழலிலும் அறையிலும் போல்ட்டின் முகத்திலும் படிகிறது. அந்த உப்பு காற்றின் ஈரத்தை இழுத்து ஓரிரு நாட்களிலேயே துருவை உண்டாக்கும். எண்ணெய் உப்பைக் கரைக்காது, தண்ணீரே கரைக்கும். ஆகவே சுட்ட அன்றே, போல்ட்டைக் கழற்றிவிட்டு, தோட்டா அறையின் பக்கமிருந்து புனல் வைத்துக் கொதிநீரை ஊற்றிக் குழலைக் கழுவ வேண்டும். உலோகம் சூடேறுவதால் ஈரம் விரைவில் உலர்ந்துவிடும். துணியால் துடைத்தபின் எண்ணெய் பூச வேண்டும். போல்ட்டின் தலையையும் ஊசியின் முனையையும் அதே வெந்நீரில் அலசுவதை மறக்கக் கூடாது. இன்றைய துருவே நாளைய குழிகளாகி, அறையை எவ்வளவு துடைத்தாலும் கூட்டை விடாமல் பிடிக்கும் நிரந்தரக் குறையாக மாறுகிறது.

துப்புரவும் எண்ணெயிடலும் உரிமையாளரின் வேலை. அறையை மறுகடைதல், ஹெட்ஸ்பேஸைச் சரிசெய்தல், சியரையும் பூட்டுக்காதுகளையும் திருத்துதல் ஆகியவை தகுதிபெற்ற ஆர்மரரின் வேலை. இந்த எல்லைக்குச் சட்டமும் துணைநிற்கிறது. இந்தியாவில் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி துப்பாக்கிகளைப் பழுதுபார்க்கும் தொழிலுக்குத் தனி உரிமம் வேண்டும். மேற்கு வங்கத்தின் இஷாப்பூர் தொழிற்சாலையில் தயாராகிக் காவல்துறையின் கைகளில் நெடுங்காலம் இருந்த .303 ரைபிள்களுக்கும் இங்கே சொன்ன சோதனை வரிசை பொருந்தும்; பழுதுபார்க்கும் உரிமையோ அவற்றுக்குப் பொறுப்பான ஆர்மரர்களுக்கே உரியது.

ஆகவே போல்ட் இறுகியதும் கேட்க வேண்டிய கேள்விகள் வரிசையாக இவையே. ரைபிள் காலியாக இருக்கும்போதும் இறுகுகிறதா? நான்கு கட்டங்களுள் எதில் இறுகுகிறது? முழுவதும் கழற்றித் துடைத்தபின் இறுகுகிறதா? தோட்டா அறை பெரிய பிரஷால் தேய்க்கப்பட்டதா? தோட்டாவை மாற்றினால் குறை மாறுகிறதா? சுட்ட கூட்டில் மிகையழுத்தத்தின் தடம் உண்டா? இந்த வரிசையை மாற்றாமல், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் சோதித்து, விடையைக் குறித்துவைத்துச் செல்பவர், பெரும்பாலும் கரைப்பானும் பிரஷும் துணியும் செலவழித்ததோடு வேலையை முடித்துவிடுவார். அவ்வாறு முடியாதபோதும், எதையெல்லாம் சோதித்து முடித்தாயிற்று என்ற தெளிவான குறிப்போடு ஆர்மரரிடம் செல்வார். அந்தக் குறிப்பு ஆர்மரரின் நேரத்தை மிச்சப்படுத்துவதோடு, அடுத்த முறை அந்த ரைபிளுக்குப் பின்னால் கன்னத்தை வைத்துக் குறிபார்ப்பவரின் பாதுகாப்பையும் உறுதிசெய்கிறது.